இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

லிஃப்ட் நின்றபோது கமலவேணி கீரையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வண்டிக்காரி கொடுத்த முளைக்கீரைக் கட்டில் தண்டு கொஞ்சம் முற்றல், பேச்சு சுவாரசியத்தில் கிள்ளிப் பார்க்காமல் வாங்கியாகிவிட்டது, பொரியல் வேண்டாம், பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்துவிட்டால் தெரியாது என்று ஒரு முடிவுக்கு வந்த அந்த நொடியில் தலைக்கு மேலே விளக்கு அணைந்தது. சின்ன மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. தரை ஒருதரம் குலுங்கியது. அப்புறம் எதுவும் இல்லை. கரண்ட் போய்விட்டது, அவ்வளவுதானே. பகல் பத்தே முக்கால் மணி. அறுபத்து மூன்று வயதில் இருட்டுக்குப் பயப்பட அவள் என்ன சின்னப் பெண்ணா. உறையூர் அம்பாள் என்க்ளேவில் நாலு மாடி, பதினாறு வீடு, உச்சி மாடியில் அவள் வீடு, ஆறு வருஷமாக அவள்தான் அசோசியேஷன் செகரட்டரி. இந்த லிஃப்டின் சத்தம் அவளுக்குத் தன் முழங்கால் சத்தம் மாதிரி பழக்கம். இரண்டாம் மாடியைத் தாண்டும்போது ஒரு முனகல் வரும், அது வந்துவிட்டது, மூன்றாவதில் வரும் கடகடப்பு இன்னும் வரவில்லை, ஆகவே இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். அபாய மணியை அழுத்தினாள். அடிக்கவில்லை. அடிக்காது என்பது அழுத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது. மணிக்கும், கரண்ட் போனால் லிஃப்டை அடுத்த மாடிவரை கொண்டுபோய் விடுவதற்கும் ஒரே பேட்டரி, அது ஆடி மாசமே செத்துப்போயிற்று, மெக்கானிக் சொன்னான், தண்ணீர்த் தொட்டி கழுவி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவள்தான் தள்ளிப்போட்டாள். வெளியிலிருந்து கதவைத் திறக்க ஒரு சாவி உண்டு. அது எங்கே என்று நினைத்ததும் இருட்டில் அவளுக்கே சிரிப்பு வந்தது. மொட்டைமாடிச் சாவி, மோட்டார் ரூம் சாவி, மீட்டர் பெட்டிச் சாவி எல்லாவற்றோடும் சேர்ந்து அவள் சமையலறைச் சுவரில், அவள் கையால் பெயரெழுதி ஒட்டிய ஆணியில் தொங்குகிறது. அவள் வீட்டுச் சாவி கைப்பையில். கைப்பை அவளோடு லிஃப்டில்.

போனை எடுத்தாள். சிக்னல் ஒரு கோடு இருந்தது. வாட்ஸப்பில் குழுவைத் திறந்து, ‘லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். மெக்கானிக்கைக் கூப்பிடவும். நலமாக இருக்கிறேன்’ என்று தட்டினாள். நலமாக இருக்கிறேன் என்று சேர்த்துக்கொண்டதில் ஒரு நிறைவு. ‘அம்பாள் உதவிக் குழு’ என்று அதற்குப் பெயர் வைத்ததே அவள்தான். ஊரடங்கு சமயம், யாருக்குப் பால் வரவில்லை, யாருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று கேட்டுக்கொள்வதற்காக ஆரம்பித்தது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்க ஆள் தெரியுமா. பிரஷர் பார்க்கிற மெஷின் யார் வீட்டில் இருக்கிறது. மொட்டைமாடியில் குரங்கு வந்திருக்கிறது, வடகத்தை எடுங்கள். என் ஒற்றைச் செருப்பைக் காணோம். எந்தக் கேள்வி வந்தாலும் இரண்டு நிமிஷத்துக்குள் கமலவேணியிடமிருந்து பதில் போய்விடும். முப்பத்தைந்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். பலகையில் ஒரு விளக்கு எரிகிறது என்றால் அந்தப் பக்கம் ஓர் ஆள் காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், காக்க வைக்கக்கூடாது, அது அவள் கையிலேயே ஊறிப்போன விஷயம். இப்போது அவளுக்கே ஒரு விளக்கு எரிகிறது. உடனே வந்தது. இரண்டாம் மாடி தேவசகாயம், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், ‘பயப்பட வேண்டாம் மேடம், மெக்கானிக்குக்குப் போன் போடுகிறேன்’ என்றார். முதல் மாடி ஒன்று சி வீட்டுக்காரி, ‘ஐயோ மேடம், மூச்சு விட முடியுதா’ என்றாள். இன்னொருவர் வெறும் கும்பிடு போட்டார். ஒவ்வொன்றாக வர வர அவள் காப்பி குடிக்கிற மாதிரி நிதானமாகப் படித்தாள். தனியாக இருக்கிறாயே, ஏதாவது ஒன்று என்றால் யார் இருக்கிறார்கள் என்று கரூரில் இருக்கும் தங்கச்சி வாரம் தவறாமல் கேட்பாள். இதோ, பார், இத்தனை பேர். இதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போதுதான் அது வந்தது. மூன்றாம் மாடி அனுசுயாவின் பெயர், அதற்குக் கீழே மூன்று வரி. ‘இருக்கட்டும் விடுங்க. எல்லாச் சாவியையும் தானே பூட்டி வச்சிக்கிட்டா இப்படித்தான். கிழவி ஒரு மணி நேரம் உள்ளயே கிடக்கட்டும், அப்பதான் புத்தி வரும்.’ அதை அடுத்து கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகம் மூன்று. படித்தாள். முழுதாகப் படித்துவிட்டாள், ஆனால் படித்தது உள்ளே போகவில்லை, கதவுக்கு வெளியே நிற்கிற ஆள் மாதிரி அப்படியே நின்றது. யாரோ கிழவியாம், எந்தக் கிழவி, அனுவின் மாமியாரா, அந்த அம்மாள் ஊருக்குப் போயிருக்கிறதே என்று நிஜமாகவே ஒரு வினாடி யோசித்தாள். அதற்குள் அடுத்த வரி விழுந்தது, ஒன்று சி வீட்டுக்காரியிடமிருந்து, கொஞ்சம் முன்னால் மூச்சு விட முடியுதா என்று கேட்டவள்: ‘அனு, இது அந்தக் குரூப் இல்ல.’ கண் இமைப்பதற்குள் அது காணாமல் போயிற்று. மேலே இருந்த மூன்று வரியும் சிரித்த முகங்களும் போயின. இந்தச் செய்தி நீக்கப்பட்டது. இந்தச் செய்தி நீக்கப்பட்டது. ஒன்றன் கீழ் ஒன்றாகச் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட தரை மாதிரி. அதற்குப் பிறகு குழுவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. யாரும் எதுவும் போடவில்லை. மற்ற பதினைந்து வீட்டிலும் பதினைந்து பேர் இதே இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டு, பார்த்திருக்குமா, பார்த்திருக்காது என்று கணக்குப் போடுகிறார்கள் என்பது அவளுக்கு இருட்டில் துல்லியமாகத் தெரிந்தது. அப்புறம் அனுசுயாவே வந்தாள். ‘பெரியம்மா பயப்படாதீங்க, நாங்க எல்லாரும் இருக்கோம்.’

பெரியம்மா. கிழவி. இரண்டும் ஒரே விரலிலிருந்து, நடுவில் ஒரு நிமிஷம்கூட இல்லை. கமலவேணி லிஃப்டின் சுவரில் சாய்ந்தாள், தகடு முதுகில் சில்லென்று பட்டது, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் கடகடத்தது. கீரைக்கட்டு எங்கேயோ விழுந்து மண் வாசனையும் பச்சை வாசனையும் வந்தது. கிழவி என்பதில் என்ன தப்பு, கிழவிதானே, பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், கடைக்காரன் பாட்டிம்மா என்கிறான். கிழவி இல்லை, அது இல்லை உறுத்துவது. கிடக்கட்டும் என்பதா. ஒரு மணி நேரமா, ஏன் ஒரு மணி நேரம், அரை மணி நேரம் போதாதா, ஒரு மணி நேரம் என்று எப்படி முடிவு செய்தாள். அதுவும் இல்லை. அந்தக் குரூப். அந்த என்ற ஒரு சொல். இந்தக் குரூப் இல்லை, அந்தக் குரூப். சுட்டிக் காட்டினால் எல்லோருக்கும் தெரிகிற ஒன்றைத்தான் அந்த என்போம். அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிகிற ஒன்று இந்தக் கட்டடத்துக்குள்ளேயே எங்கேயோ, சுவருக்குள் ஓடுகிற குழாய் மாதிரி, ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் மனசு அதைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டது. மறுபடி தொட்டது. பெரியம்மா என்று அவளை யாரும் கூப்பிடச் சொல்லவில்லை. ஊரடங்கின் நடுவில் ஒரு மத்தியானம், அனுசுயாவின் புருஷன் ஓசூரில் மாட்டிக்கொண்டிருக்க, அவளுக்குப் பத்து நாள் முன்னதாகவே வலி கண்டுவிட்டது. கமலவேணிதான் குழுவில் போட்டாள், தேவசகாயம் காரை எடுத்தார், வழியில் போலீஸ்காரனிடம் கமலவேணிதான் இறங்கிப் பேசினாள், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டாள். வலி வரும்போதெல்லாம் அந்தப் பெண் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது, நகம் பதிந்த நாலு பிறை ஒரு வாரம் மறையவில்லை. அம்மா இல்லாத பெண். மூன்றாம் நாள் குழந்தையை இவள் மடியில் போட்டுவிட்டு, உங்களை இனிமே மேடம்னு சொல்ல வாய் வராது, பெரியம்மான்னு கூப்பிடட்டுமா என்றது. சரி என்றாள். சரி என்று சொன்ன குரல் கரகரத்ததை இருமலாக மாற்றிக்கொண்டாள். போனில் அவள் பெயரை ‘அனு பொண்ணு’ என்று மாற்றிப் போட்டதும் அன்றைக்குத்தான்.

இது மாதிரி இன்னொருதரம் நடந்திருக்கிறது. அதை நினைக்கக்கூடாது என்று இத்தனை வருஷம் மூடி வைத்திருந்தாளே, அதுவும் இப்போது இந்தப் பெட்டிக்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயது, டிரங்கால் பலகையில் உட்கார்ந்திருந்தாள், திருச்சியிலிருந்து கோயமுத்தூருக்கு ஒரு கால், இணைத்துவிட்டு லைன் பிடித்ததா என்று ஒரு நொடி காது கொடுத்துக் கேட்பது வழக்கம். குரல் தெரிந்த குரல். முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டுவிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன மாப்பிள்ளையின் அப்பா குரல். பொண்ணு லட்சணம்தான், ஆனா டெலிபோன்ல வேலை, ஊர்ல இருக்கிற ஆம்பளைக் குரலெல்லாம் கேட்ட காது, நமக்கு வேணாம், ஏதாவது ஜாதகத்து மேல பழியைப் போட்டு எழுதிடுங்க. அவள் லைனை விட்டு வந்திருக்கலாம், வரவில்லை. மூன்று நிமிஷம் முடிந்ததும் விதிப்படி, மூணு நிமிஷம் ஆச்சு சார், நீட்டிக்கவா என்று கேட்டாள். நீட்டும்மா என்றார் அவர், பாசமாகத்தான் சொன்னார். நீட்டினாள். பக்கத்தில் சூப்பர்வைசர் லூர்துமேரி இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காதுல விழுந்தது காதோட போகணும் வேணி, மூஞ்சில தெரிஞ்சா நீ ஆபரேட்டர் இல்ல என்றாள். அன்றைக்கு முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறமும் தெரியவில்லை. வேறு இடம் பார்க்கலாம் என்று அப்பா சொன்னபோதெல்லாம், இப்ப வேண்டாம்ப்பா என்று அதே முகத்தோடுதான் சொன்னாள். இப்போது யாரும் பார்க்காத இருட்டில் அவள் முகம் தன்னிஷ்டத்துக்கு எதையோ செய்துகொண்டிருந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்தது, தாடை ஆடியது, அவள் கையால் பிடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை.

வேர்த்தது. போனில் டார்ச்சைப் போட்டாள், இருட்டைவிட அது மோசமாக இருந்தது, தகட்டில் ஒரு பெண்பிள்ளை தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வெளிச்சத்தைத் திருப்பினாள். எதிர்ச் சுவரில், முழங்கால் உயரத்தில், ஊதாக் கோடுகள். போன மாசம் யாரோ குழந்தை மெழுகுக் கலரால் கிறுக்கியது, வாட்ச்மேன் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுக்கப் போகவில்லை. யாரோ குழந்தை என்று இன்னுமா சொல்லிக்கொள்கிறாள். அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டது அவள்தான். ‘இது யார் வீட்டுக் குழந்தையின் வேலை? பெற்றோர் பொறுப்பேற்கவும்.’ அந்த ஊதாக் கலர் இந்தக் கட்டடத்தில் ஒரு குழந்தையிடம்தான் இருக்கிறது, அனுசுயாவின் மகள் இனியாவிடம், ஐந்தாவது பிறந்தநாளுக்கு அந்தக் கலர்ப் பெட்டியை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். தெரிந்தே கேட்டாள். நேராகப் போய், அனு, பாப்பாவிடம் சொல்லும்மா என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம், ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான், வேண்டியவள் என்பதற்காக விட்டுவிட்டால் நாளைக்கு வேறு யாரையும் கேட்க முடியாது என்று நினைத்தாள், அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது மூன்றாம் மாடியிலிருந்து குழந்தை வீறிட்டு அழுகிற சத்தமும் அடி விழுகிற சத்தமும் கேட்டது. போகலாமா என்று நினைத்தாள். லிஃப்ட் வந்துவிட்டது, ஏறிவிட்டாள். இப்போதுதான் முதல்தடவையாக அது என்ன படம் என்று பார்க்கிறாள். பெட்டி மேல் பெட்டியாக நாலு பெட்டி, ஒவ்வொன்றிலும் வட்ட வட்டமாக முகம். உச்சிப் பெட்டியில் ஒரே ஒரு முகம், அதற்குள் இரண்டு பெரிய வட்டம், அவள் மூக்குக்கண்ணாடியா, வெறும் கண்ணா, தேய்த்ததில் பாதி போய்விட்டது, தெரியவில்லை. டார்ச்சை அணைத்தாள்.

எப்போதிலிருந்து இருக்கிறது அந்தக் குரூப். கோலக் கலரால் லிஃப்டெல்லாம் பாழாகிறது என்று போன மார்கழியில் எழுதினாளே, அதற்குப் பிறகா. பால்கனிக் கம்பியில் துணி காயப்போடக் கூடாது என்று சொன்னதற்குப் பிறகா. மொட்டைமாடியைப் பூட்டியதற்கா, அங்கே பையன்கள் சிகரெட் குடிக்கிறார்கள் என்று முதலில் குறை சொன்னது ஒன்று சி வீட்டுக்காரிதானே. பொங்கலன்று கீழே இறங்கிப் போனபோது பெண்கள் எல்லோரும் மஞ்சள் புடவையில் நின்றார்கள், இவள் மட்டும் பச்சை, என்ன எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி என்று சிரித்துக்கொண்டே கேட்டாள், சும்மா அமைஞ்சிருச்சு மேடம் என்றார்கள், நம்பினாள். தண்ணீர் லாரி வந்த அன்றைக்கு இவள் குடத்தோடு இறங்குவதற்குள் எல்லோர் வீட்டுக் குடமும் நிரம்பியிருந்தது. ஒவ்வொன்றாக இப்படிக் கழன்று விழ ஆரம்பித்த பிறகு, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது கடைசியில் வந்தது, அதுதான் நெஞ்சில் உதைத்தது. ஐந்தாறு மாசமாகவே உதவிக் குழுவில் கேள்விகள் குறைந்துவிட்டிருந்தன. முன்பெல்லாம் நாளைக்குப் பத்து வரும். இப்போது வாரத்துக்கு ஒன்று, அதுவும் இவள் போடுகிற அறிவிப்புக்கு ஒரு கும்பிடு, ஒரு கட்டைவிரல். அவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். தங்கச்சியிடம்கூடச் சொன்னாள், எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திட்டேன், இப்ப யாருக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை என்று. பிரச்சினைகள் இருந்தன. குரங்கு வந்துகொண்டுதான் இருந்தது, கேஸ் அடுப்பு கெட்டுக்கொண்டுதான் இருந்தது, செருப்பு தொலைந்துகொண்டுதான் இருந்தது. எல்லாம் அங்கே போய்க் கேட்டிருக்கிறார்கள், அங்கே யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள், இவளை விட்டுவிட்டு விளக்குகள் வேறொரு பலகையில் எரிந்துகொண்டிருந்திருக்கின்றன. இவள் இருண்ட பலகைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஊரே நிம்மதியாகத் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“மேடம், கேக்குதா?” மேலேயிருந்து தேவசகாயத்தின் குரல். மூன்றாம் மாடிக்கு ஏறி வந்திருக்கிறார், மூச்சு இரைத்தது. “மெக்கானிக் துவாக்குடியில ஒரு வேலையில நிக்கிறானாம். வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். கரண்டும் எப்ப வரும்னு தெரியல. நான் சொல்றதைக் கேளுங்க. உள்கதவைக் கையால தள்ளுங்க, நகரும். மேல எங்க கதவுக்கு அடியில ஒரு இடுக்கு தெரியும். உங்க வீட்டுச் சாவிய அது வழியா குடுத்துருங்க. அனு ஓடிப் போயி அந்த லிஃப்ட் சாவிய எடுத்துட்டு வந்துரும்.” கமலவேணி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வராததற்குக் காரணம் தேடினாள், தொண்டை வறண்டிருக்கிறது, இல்லை, தண்ணீர் பாட்டில் பையில் இருக்கிறது, குடிக்கலாம். அனு ஓடிப் போயி. அவள் வீட்டுக்குள் அனு. “மேடம்?” என்றார் மறுபடி. பிறகு கதவைத் தட்டினார். “சத்தமே இல்லையே” என்று தாழ்ந்த குரலில் யாரிடமோ சொன்னார். அடுத்து அந்தக் குரல் வந்தது. “பெரியம்மா. பெரியம்மா, பேசுங்க.” அவள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். “பெரியம்மா, கேக்குதா? சார், அவங்களுக்கு பி.பி. இருக்கு சார். காலைல மாத்திரை போட்டாங்களோ என்னமோ. முந்தாநாளே தலை சுத்துதுன்னு சொன்னாங்க.” சொன்னது நிஜம், படிக்கட்டில் நின்று அனுவிடம்தான் சொன்னாள், அதை ஞாபகம் வைத்திருக்கிறது. கையில் போன் வெளிச்சமாகி அதிர்ந்தது. அனு பொண்ணு. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. வெளியே காலடிகள் கூடின, வீட்டுப் பூட்டை உடைக்கலாமா, ஃபயர் சர்வீஸைக் கூப்பிடலாமா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அனுசுயாவின் குரல் உடைந்துவிட்டது. “என்னாலதான் சார், என்னாலதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னது. ஏம்மா உன்னால, கரண்ட் போனதுக்கு நீ என்ன பண்ணுவ என்று அவர் அதட்டினார். அவருக்குத் தெரியாதா, அவர் அந்தக் குரூப்பில் இல்லையா, இல்லை இருந்துகொண்டே அப்படிக் கேட்கிறாரா.

இருட்டில் கமலவேணிக்கு ஒரு விதமான சுகம் கண்டது. வாயை மூடிக்கொண்டிருப்பது இத்தனை சுலபம், இத்தனை கனம். ஒரு வார்த்தை சொன்னால் அவர்களுக்கு உயிர் வந்துவிடும், அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கடியில் இருக்கிறது, கொடுக்க வேண்டியதில்லை. அழட்டும். இன்னும் பத்து நிமிஷம். பயந்து கிடக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும். அதை நினைத்ததும் அவள் மனசு அப்படியே நின்றது. கிடக்கட்டும், புத்தி வரும். சொல்லுக்குச் சொல் அதேதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அந்தச் செய்தியைப் பார்த்துச் சொல்லவும் இல்லை, தன் மனசிலிருந்தே தன் குரலிலேயே வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது வந்த அதிர்ச்சி இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அது வெளியே இருந்து விழுந்த அடி. இதை யார் அடித்தார்கள். ஆறு வருஷமாக அவள் எழுதிய ஒவ்வொரு அறிவிப்பும், செருப்பும் துணியும் கோலமும் சாவியும், எல்லாமே இந்த ஒரு வரியைத்தான் நல்ல தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னதா. “இருக்கேன்” என்றாள். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. மேலே எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

சுவரைப் பிடித்து எழுந்தாள். உள்கதவு இரண்டு விரல் அகலம் நகர்ந்தது, பிறகு ஒரு கை அகலம். எதிரே பூசாத செங்கல் சுவர், சிமென்ட் வாசனை, இத்தனை வருஷமும் தினமும் கடந்துபோன சுவர், பார்த்ததில்லை. அவள் கழுத்து உயரத்தில் வெளிக்கதவின் அடியில் ஒரு வெளிச்சக் கோடு. சாவியை வளையத்திலிருந்து கழற்றினாள், கை வழுக்கியது. வீட்டில் என்னென்ன கிடக்கிறது என்று மனசு ஓடியது. கூடத்து நாற்காலியில் உள்பாவாடை காய்கிறது. காலையில் தின்ற தட்டு, ஒற்றைத் தட்டு, அப்படியே இருக்கிறது. கட்டிலில் இரண்டு தலையணை, ஒன்று எதற்கு என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. சமையலறைச் சுவரில் வரிசையாகச் சாவிகள், அதற்குப் பக்கத்தில் பதினாறு வீட்டுக்காரர்களின் பிறந்தநாளும் எழுதிய அட்டை. அனு அதைப் பார்க்கும். இந்த வீட்டுக்குள் அனு வந்து எத்தனை நாளாயிற்று, கலர் விவகாரத்துக்குப் பிறகு வரவே இல்லை. இடுக்கில் இரண்டு விரல் நுழைந்து காத்திருந்தது, மெலிந்த விரல், மருதாணி மங்கிப்போன நகம். சாவியை அதன்மேல் வைத்தாள். விரல் சாவியைப் பிடிக்காமல் இவள் விரல் நுனியைப் பிடித்தது. ஜில்லென்று ஈரமாக இருந்தது. ஒரு நொடிதான். பிறகு சாவி மேலே போயிற்று, வெறுங்காலோடு யாரோ படியில் ஓடுகிற சத்தம் கேட்டது, தடதடவென்று, நடுவில் ஒருதரம் தடுக்கி, மறுபடி ஓடி.

கதவு திறந்தபோது வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. மூன்றாம் மாடித் தரை அவள் கழுத்துக்கு இருந்தது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இறக்கினார்கள், அதில் ஏறினாள், தேவசகாயம் ஒரு கையையும் அனுசுயா ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள், முழங்கால் விளிம்பில் இடித்தது, புடவை எங்கேயோ மாட்டிக் கிழிந்தது, ஒருவழியாக அரிசி மூட்டை மாதிரி வந்து தரையில் விழுந்தாள். சுற்றி ஏழெட்டு முகம். ஒன்று சி வீட்டுக்காரி சர்க்கரை போட்ட தண்ணீர் கொண்டுவந்தாள், அவள் கண் இவள் கண்ணைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பார்த்தது. யாரோ விசிறினார்கள். அனுசுயா பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள், கன்னமெல்லாம் மை வழிந்து கிடந்தது. “ஏன் பெரியம்மா பேசல? போன் போட்டேனே, எடுக்கலையே” என்றாள். பிறகு, நிறுத்தி, வேறு ஒரு குரலில், “போன்... பாத்துக்கிட்டே இருந்தீங்களா?” என்றாள். விசிறி நின்றது. கமலவேணிக்குத் தன் முகம் தன் கைக்குத் திரும்ப வந்துவிட்டது தெரிந்தது. “எங்கேம்மா, ஒரு மெசேஜ் போட்டேன், அதோட நெட் போயிருச்சு. தலை சுத்திச்சு, கண்ணை மூடி உக்காந்துட்டேன்” என்றாள். எல்லோர் முகத்திலும் அது நடந்தது, ஒரே நேரத்தில், கட்டியிருந்த கயிறு அவிழ்ந்த மாதிரி. தேவசகாயத்தின் தோளும் இறங்கியது. அவரும்தான். அதை அவள் பார்க்காமல் இருந்திருக்கலாம். அனுசுயா மட்டும் முகம் தளர்ந்த அதே நொடியில் பெரிதாக அழ ஆரம்பித்தது, இவள் தோளில் தலையை வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி. நடிப்பில்லை. அந்தச் செய்தியும் நடிப்பில்லை. இரண்டும் நிஜம் என்றால் இந்தத் தலையை என்ன செய்வது. கமலவேணியின் கை தூக்கிய இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் அந்த முதுகில் இறங்கியது, இரண்டு தட்டுத் தட்டியது.

“நான் மேல வந்து விட்டுட்டு வரேன் பெரியம்மா” என்றாள் அனுசுயா மூக்கைத் துடைத்துக்கொண்டு. “வேணாம். ஒரு மாடிதானே.” சாவியை வாங்கிக்கொண்டாள். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள், வலது கால், அப்புறம் இடது கால், கீழே எல்லோரும் அவள் திரும்புவாள் என்று நிற்கிறார்கள் போலிருந்தது. திரும்பினாள், படிகள் திரும்பும் இடத்தில், அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் மூச்சு வாங்க நின்றாள். அப்போது கீழே ஒரு போன் டிங் என்றது. அதையடுத்து இன்னொன்று. ஒரு வினாடிக்குள் மூன்று, நாலு, ஒன்று கைப்பைக்குள்ளிருந்து அமுங்கலாக, ஒன்று சட்டைப்பையில் உறுமலாக, மாடிப்படிக் கூண்டு முழுக்க அந்தச் சின்னச் சத்தம் ஏறி வந்தது. கமலவேணி கையிலிருந்த போனைப் பார்த்தாள். சிக்னல் நாலு கோடும் முழுதாக இருந்தது. திரை இருட்டாகவே இருந்தது. கீழே யாரோ சத்தத்தை அணைத்தார்கள். அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.